கிடைக்குமா?

நவம்பர் பிறந்துவிட்டால், அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டிலிருந்து ஒரு பட்டியல் புறப்படும். பள்ளி மதிப்பெண், சாட் தேர்வில் எடுத்தது, எழுதிய ஏ.பி. எனும் கல்லூரித் தரப் பாடங்கள், கோடை விடுமுறையில் போய்வந்த ஆய்வகம், ஒலிம்பியாட்டில் எந்தச் சுற்று வரை, பரதநாட்டிய அரங்கேற்றம் நடந்த ஆண்டு, வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் எடுத்தது. கீழே பத்துப் பன்னிரண்டு பல்கலைக்கழகங்களின் பெயர்கள். அதற்கும் கீழே ஒரு வரி: "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க சார், கிடைக்குமா?"

இயற்பியல் கற்பித்தவன் என்பதால் என் வாட்ஸ்அப்புக்கும் இப்படிப்பட்ட பட்டியல்கள் வருகின்றன. அனுப்புகிறவர்களுக்கு வேண்டியது அறிவுரையல்ல, ஒரு எண். நாற்பது சதவீதம் என்று சொன்னால் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஐந்து என்று சொன்னாலும் ஒருவகையில் தூங்கிவிடுவார்கள். 'சொல்ல முடியாது' என்று சொன்னால்தான் கோபம் வருகிறது.

அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். இந்தப் பெற்றோரில் பலர் தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் பொறியியல் சேர்ந்தவர்கள். அப்போது 300க்குக் கட்-ஆஃப்: கணிதத்துக்கு 100, இயற்பியல், வேதியியலுக்கு ஐம்பது ஐம்பது, நுழைவுத் தேர்வுக்கு 100. நுழைவுத் தேர்வு ஒழிந்தபின் 200 ஆயிற்று. 296 எடுத்தால் எந்தக் கல்லூரி, 281 எடுத்தால் எந்தக் கல்லூரி என்று பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கூடச் சொல்வார். அந்த ஏற்பாட்டில் குறைகள் பல இருந்தன. ஆனாலும் அது வெளிப்படையாக இருந்தது. ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் ஒரு தசமப் புள்ளியைக் காட்ட முடிந்தது. இருவர் எல்லாவற்றிலும் சமமாக நின்றால், பாட மதிப்பெண்ணிலிருந்து பிறந்த தேதி வரை பார்த்துவிட்டு, அப்போதும் தீராவிட்டால் கணினி கொடுத்த ரேண்டம் எண்ணைப் பார்ப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் கலந்தாய்வுக்கு முன் 'சமவாய்ப்பு எண் வெளியீடு' என்று நாளிதழில் செய்தி வரும். இதற்குமேல் எங்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, இனி குலுக்கல்தான் என்று ஓர் அரசு அலுவலகம் பகிரங்கமாக ஒப்புக்கொள்வது சாதாரண விஷயமில்லை. நாம் அதைக் கவனித்ததே இல்லை.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். இவள் யாருடைய மகளும் அல்ல. நான் பார்த்த பல பிள்ளைகளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்தவள். நியூ ஜெர்சியில் எடிசனுக்குப் பக்கத்தில் வீடு. சாட்டில் 1600க்கு 1560. கால்குலஸ், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் ஏ.பி. தேர்வில் ஐந்துக்கு ஐந்து. இயற்பியல் ஒலிம்பியாட்டில் முதல் சுற்றைத் தாண்டி இரண்டாவதில் நின்றவள். எம்.ஐ.டி. (குரோம்பேட்டையில் இருப்பது அல்ல, மாசசூசெட்ஸில் இருப்பது), கால்டெக், ஹார்வர்டு, பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு, கார்னகி மெலன் என்று பட்டியல் போட்டிருக்கிறாள். கடைசியில், மனசில்லாமல், உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ்.

இவளுக்குக் கிடைக்குமா?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கே போனால் படிப்பை இவள் தாங்குவாளா என்பது ஒன்று. இவளை எடுப்பார்களா என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஓரளவு நன்றாகவே பதில் சொல்லலாம். கொரோனா காலத்தில் சாட் மதிப்பெண் கட்டாயமில்லை என்று விலக்கிவைத்த எம்.ஐ.டி., 2022 மார்ச்சில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அங்கே இலக்கியம் படிக்க வந்தவரும் இரண்டு பருவம் கால்குலஸும் இரண்டு பருவம் இயற்பியலும் படித்தே தீர வேண்டும். அதைத் தாங்குவாரா என்று கணிக்கக் கணித மதிப்பெண் உதவுகிறது என்றார்கள். உயர்நிலைப் பாடங்கள் இல்லாத ஏழைப் பள்ளியில் படித்த பிள்ளை தன் திறமையைக் காட்டவும் அதுதான் வழி என்றும் சொன்னார்கள். கால்டெக்கும் 2024இல் அதே முடிவுக்கு வந்தது. ஆக, முதல் கேள்விக்கு இவளுடைய 1560 போதுமான பதில். தாங்குவாள்.

சங்கடம் என்னவென்றால், தாங்கக்கூடியவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். சேர்க்கையில் இனம் பார்ப்பதை எதிர்த்து ஹார்வர்டு மீது நடந்த வழக்கால் அந்தப் பல்கலைக்கழகத்தின் உள்கணக்குகள் வெளியே வந்தன. 2015இல் சேர்ந்த வகுப்புக்கு விண்ணப்பித்த உள்நாட்டு மாணவர்கள் ஏறத்தாழ 26,000 பேர். அதில் 8,000க்கும் மேற்பட்டோரின் பள்ளி மதிப்பெண் முழுமையானது. சாட் கணிதத்தில் முழு மதிப்பெண் எடுத்தவர்கள் மட்டும் 3,000க்கு மேல். அந்த ஆண்டு, வெளிநாட்டவரையும் சேர்த்து, மொத்தமாக அனுமதி கொடுத்ததே சுமார் 2,000 பேருக்கு. கணிதத்தில் ஒரு மதிப்பெண்கூட இழக்காதவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தினாலும் இடம் போதாது. கட்-ஆஃப் என்ற ஒன்றை அங்கே வைக்கவே வழியில்லை. நம் ஊர்க் கலந்தாய்வு, ரேண்டம் எண்ணைத் தேடும் இடத்திலிருந்துதான் அவர்களுடைய வேலை தொடங்குகிறது.

ஆனால் அவர்கள் குலுக்கிப் போடுவதில்லை. படிப்பு, படிப்புக்கு வெளியே உள்ள ஈடுபாடு, விளையாட்டு, தனிப்பண்பு என்று பிரித்து ஒன்று முதல் ஆறு வரை மதிப்பிடுகிறார்கள், ஒன்று உயர்வு. அந்தத் தனிப்பண்பு மதிப்பீட்டில் ஆசிய வம்சாவளி மாணவர்கள் சராசரியாகக் குறைவாகப் பெற்றார்கள் என்பது வழக்கில் பெரும் விவாதமானது. பிறகு நாற்பது பேர் கொண்ட குழு உட்கார்ந்து வாக்களிக்கிறது. கடைசியில், இடத்துக்கு அதிகமாக ஆட்கள் நின்றால், சிலரை வெட்ட ஒரு பட்டியல் போடுவார்கள். அதில் ஒவ்வொரு மாணவர் பெயருக்கு எதிரிலும் நான்கே விவரங்கள் இருந்தன என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிடுகிறது: பெற்றோர் அங்கே படித்தவர்களா, விளையாட்டுக்காகச் சேர்க்கப்படுபவரா, உதவித்தொகை வேண்டுமா, எந்த இனம். 2023 ஜூன் 29 அன்று வந்த அந்தத் தீர்ப்புக்குப் பிறகு இனத்தைக் காரணமாகக் கொள்ளக் கூடாது. வெட்டுகிற நேரத்தில் பார்த்த அந்த நான்கில் மாணவர் ஆய்வகத்தில் என்ன செய்தார் என்பது இல்லை. அது முந்தைய சுற்றுகளிலேயே பார்க்கப்பட்டுவிட்டது என்று அவர்கள் சொல்லலாம், நியாயமும்கூட. ஆனால் விளிம்பில் நிற்கும் ஒரு மாணவிக்கு, தான் எதனால் உள்ளே போனோம், எதனால் வெளியே நின்றோம் என்பது ஒருநாளும் தெரியப்போவதில்லை.

இப்படி எல்லாவற்றையும் சேர்த்து 'முழு மனிதரைப் பார்க்கும்' முறை எப்படிப் பிறந்தது என்பதை ஜெரோம் கராபெல் 2005இல் வெளியிட்ட தடித்த ஆய்வு நூலில் எழுதியிருக்கிறார். 1920களில் ஹார்வர்டில் யூத மாணவர்களின் எண்ணிக்கை பெருகியது அதன் தலைவர் லோவலுக்குப் பிடிக்கவில்லை. 1922இல் வெளிப்படையாக ஒதுக்கீட்டு வரம்பு வைக்கப் பார்த்தார், எதிர்ப்பு வந்தது. பிறகு குணநலன், புகைப்படம், நேர்காணல், பரிந்துரைக் கடிதம் என்று விண்ணப்பம் விரிந்தது. தேர்வில் முந்துகிறவர்களைத் தேர்வைக் காட்டித் தடுக்க முடியாது. குணத்தைக் காட்டித் தடுக்கலாம். கொலம்பியாவும் அந்த வழியில்தான் போனது. ரிச்சர்ட் ஃபைன்மன் அங்கே விண்ணப்பித்தார். யூதர்களுக்கான வரம்பு காரணமாக இடம் கிடைக்கவில்லை. 1935இல் எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். 1965இல் நோபல் பரிசு. கொலம்பியாவின் கோப்பில் அவருக்கு அன்று என்ன மதிப்பீடு எழுதப்பட்டிருந்ததோ, இயற்பியலுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

இன்று அந்த முறை நல்ல காரணங்களுக்காகவும் பயன்படுகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படித்த பிள்ளையை, ஊருக்கே ஒரு ஆசிரியர் உள்ள பள்ளியிலிருந்து வந்த பிள்ளையை அது அடையாளம் காண்கிறது. எனக்கு அதில் மறுப்பில்லை. என் மறுப்பெல்லாம், அந்த முறையிலிருந்து நாம் ஒரு சதவீதத்தைப் பிழிந்தெடுக்கப் பார்ப்பதில்தான்.

2024இல் எம்.ஐ.டி.க்கு விண்ணப்பித்தவர்கள் 28,000க்கு மேல். அனுமதி பெற்றவர்கள் 1,300க்குக் குறைவு. நூற்றுக்கு நாலரை. அப்படியானால் நம் மாணவியின் வாய்ப்பு நாலரை சதவீதமா? வாய்ப்பியல் படித்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். ரிச்சர்ட் ஃபான் மீசஸ் என்ற கணிதவியலாளர், 1928இல் வெளியான தன் நூலில், ஒரு தனி மனிதன் அடுத்த ஆண்டு இறப்பதற்கான நிகழ்தகவு என்ற பேச்சுக்கே பொருளில்லை என்று வாதிட்டார். ஆயுள் காப்பீட்டில் நாற்பது வயது ஆண்கள் என்ற கூட்டத்துக்கு ஒரு விகிதம் உண்டு. அதே மனிதரைப் புகைப்பவர்கள் கூட்டத்தில் வைத்தால் வேறு விகிதம். மலையேறுபவர்கள் கூட்டத்தில் வைத்தால் இன்னொன்று. எண் கூட்டத்தினுடையது, ஆளுடையது அல்ல. ஹிட்லருக்குத் தப்பி வெளியேறிய அந்த ஃபான் மீசஸ் 1939இல் ஹார்வர்டுக்கே வந்து, பிறகு அங்கே பேராசிரியரானார் என்பது வேடிக்கை. நம் மாணவி விண்ணப்பதாரர் கூட்டத்தில் ஒருத்தி. நியூ ஜெர்சிக்காரர் கூட்டத்தில் ஒருத்தி. பெண் இயற்பியலாளர், ஆசிய வம்சாவளி, மென்பொருளாளர் மகள், அரங்கேற்றம் செய்தவள் என்று எத்தனையோ கூட்டங்களில் ஒருத்தி. எந்தக் கூட்டத்தை எடுப்பது? கூட்டத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் கடைசியில் அவள் மட்டும் நிற்பாள். ஒருவர் மட்டும் உள்ள கூட்டத்துக்குச் சதவீதம் கிடையாது.

இன்னொரு கணக்கும் நம்மவர்களிடம் பிரபலம். ஓரிடத்தில் ஐந்து சதவீதம் என்றால், இருபது இடங்களுக்குப் போட்டால் ஒன்றாவது கிடைக்க அறுபத்துநான்கு சதவீதம் ஆகிறதே என்பார்கள். 0.95ஐ இருபது முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் அதுதான் வரும், பெருக்கலில் தவறில்லை. ஆனால் இருபது இடத்துக்கும் போவது ஒரே கட்டுரை, ஒரே ஆசிரியரின் கடிதம், ஒரே பட்டியல். ஓரிடத்தில் வாசிப்பவருக்குச் சலிப்பூட்டிய விண்ணப்பம் மற்ற இடங்களிலும் சலிப்பூட்டவே வாய்ப்பு அதிகம். தனித்தனி நாணயங்களைச் சுண்டினால்தான் அந்தப் பெருக்கல் செல்லும்.

இந்த இடத்தில் பெற்றோர் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: எண் தெரியாவிட்டால் என்ன, பட்டியலைக் கனமாக்குவோம். இங்கேதான் அறிவியலுக்கே கேடு வருகிறது. பணம் வாங்கிக்கொண்டு ஆய்வுத் தலைப்பு கொடுத்து, வழிகாட்டி கொடுத்து, பள்ளி மாணவர்களுக்கென்றே நடக்கும் இதழில் கட்டுரை வெளியிட்டுத் தரும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. பதினாறு வயதுப் பிள்ளை புற்றுநோய்க்கு இயந்திரக் கற்றலில் தீர்வு கண்டதாக எழுதுகிறது. அந்தப் பிள்ளையிடம் உன் தரவில் பிழைவரம்பு எவ்வளவு என்று கேட்டால் விழிக்கிறது. பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த ஆய்வு ஒரு கேள்விக்குப் பதிலாகத் தொடங்கவில்லை. ஒரு விண்ணப்பத்தின் கட்டத்தை நிரப்பத் தொடங்கியது.

எம்.ஐ.டி. சேர்க்கை அலுவலகத்தில் பணியாற்றிய கிறிஸ் பீட்டர்சன் 2010இல் எழுதிய ஒரு கட்டுரை மாணவர்களிடையே மிகவும் பேசப்பட்டது. தன் வீட்டுக் காரேஜில் இயங்கும் அணுக்கரு உலையைக் கட்டிய ஒரு மாணவரையே சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் எடுக்கவில்லை என்று அதில் சொல்கிறார். அதைப் படித்த பெற்றோர் பலர், அப்படியானால் உலையைவிடப் பெரிதாக எதையாவது கட்ட வேண்டும் என்று புரிந்துகொண்டார்கள். அவர் சொல்லவந்தது நேர் எதிரானது. எதைக் கட்டினாலும் உறுதியில்லை. ஆகவே உனக்குக் கட்டப் பிடித்ததைக் கட்டு.

சொல்வது எளிது என்று நானும் நினைத்ததுண்டு. சேர்க்கை அலுவலகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையிடம், அதைப் பார்க்காதே, உனக்குப் பிடித்ததைச் செய் என்றால் அது இன்னொரு தந்திரமாகவே காதில் விழும். பிடித்ததைச் செய்வதுபோல் தோன்றச் செய்யும் பயிற்சிக்கும் இன்று ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அப்படியிருக்க, உண்மையான ஆர்வத்தையும் ஒப்பனையையும் எப்படிப் பிரிப்பது? விண்ணப்பத்தில் உள்ள எதை வைத்தும் பிரிக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். விண்ணப்பத்துக்கு வெளியேதான் பார்க்க வேண்டும்.

நம் மாணவியிடம் திரும்புவோம். பதினொன்றாம் வகுப்பில் அவள் ஒரு மியூவான் உணரியைக் கட்டினாள். எம்.ஐ.டி. இயற்பியலாளர்கள் மாணவர்களுக்காக வடிவமைத்து, செய்முறையை எல்லோருக்கும் திறந்துவிட்ட கருவி அது. பாகங்களுக்கு நூறு டாலர் அளவில் ஆகும். விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் மேல்வளிமண்டலத்தில் மோதும்போது மியூவான்கள் பிறக்கின்றன. கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று வந்து விழும். மியூவான் தட்டும்போது மினுங்கும் ஒரு பிளாஸ்டிக் பலகை, அந்த மினுக்கைப் பிடிக்கும் சிலிக்கான் உணரி, எண்ணுவதற்கு ஒரு சிறு கணினிச் சில்லு. இரண்டு கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவானதை மட்டும் கணக்கில் எடுத்தால், சுற்றுப்புறக் கதிர்வீச்சின் தொந்தரவு குறையும்.

ஜூலையில் பாட்டி வீட்டுக்குச் சென்னை வந்தபோது அதையும் கொண்டுவந்தாள். விமானம் மேலேற மேலேற எண்ணிக்கை பல மடங்கு ஏறியது; அது எதிர்பார்த்ததே. நங்கநல்லூரில் மாடி அறையில் வைத்து எண்ணியபோது எடிசனைவிடக் குறைவாக வந்தது. ஏன்? பூமத்திய ரேகையை நெருங்கும்போது பூமியின் காந்தப்புலம் மின்னூட்டம் கொண்ட துகள்களை அதிகமாக விலக்கிவிடுகிறது. 1927இல் ஜாவாவுக்கும் நெதர்லாந்துக்கும் இடையே கப்பலில் கருவியோடு பயணம் செய்த டச்சு இயற்பியலாளர் யாக்கோப் கிளே முதலில் கண்டது இந்தக் குறைவைத்தான். நூறாண்டுக்குமுன் கப்பலில் கண்டதை ஒரு பள்ளி மாணவி விமானத்தில் வந்து கண்டாள் என்று எழுதினால் எவ்வளவு அழகான கட்டுரை! அம்மா அப்படித்தான் எழுதச் சொன்னாள். பணம் கொடுத்து வைத்த ஆலோசகரும் அதையே சொன்னார்.

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. சிலிக்கான் உணரி வெப்பம் ஏற ஏற மந்தமாகும். நங்கநல்லூர் மாடி அறை எடிசன் வீட்டைவிட எவ்வளவு சூடு! எடிசன் வீட்டுக் கூரை மரம். இங்கே தலைக்குமேல் கான்கிரீட், அதுவும் கொஞ்சம் மியூவான்களை விழுங்கும். காற்றழுத்தம் மாறினாலும் எண்ணிக்கை மாறும். குறைந்ததில் காந்தப்புலத்தின் பங்கு எவ்வளவு, வெப்பத்தின் பங்கு எவ்வளவு, கான்கிரீட்டின் பங்கு எவ்வளவு? தெரியாது. கட்டுரையில் 'தெரியாது' என்றே எழுதினாள். அது விண்ணப்பத்தைப் பலவீனமாக்கியதா பலப்படுத்தியதா என்பது வாசித்த அலுவலரைப் பொறுத்தது; அதை விட்டுவிடுகிறேன்.

ஜனவரி முதல் வாரத்தில் கெடு முடிந்தது. மற்றப் பிள்ளைகளெல்லாம் தூங்கி எழுந்தார்கள், தொடர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும், களைத்துப்போனவர்கள். இவள் ஜனவரி மூன்றாவது வாரத்தில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, காரேஜில் உணரியை ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து, விளக்கைப் போட்டு முப்பத்தாறு டிகிரி வரை சூடாக்கி எண்ணத் தொடங்கினாள். நங்கநல்லூர்ச் சூட்டை மட்டும் எடிசனுக்குக் கொண்டுவந்துவிட்டால், வெப்பத்தின் பங்கைத் தனியே கழித்துவிடலாமே. இந்த அளவீட்டை எந்தச் சேர்க்கை அலுவலரும் பார்க்கப்போவதில்லை. இதை அனுப்ப விண்ணப்பத்தில் கட்டம் கிடையாது. இதனால் கிடைக்கப்போவது, தனக்குத் தெரியாத ஒன்று தெரியவருவது மட்டும்.

ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில் இதே மியூவான்களைத்தான் பிரம்மாண்டமான உணரிகளை வைத்துப் பிடிக்கிறார்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் கடந்து போனபோது மியூவான் எண்ணிக்கை சற்றே சரிந்தது. அந்தச் சரிவிலிருந்து மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததைக் கணக்கிட்டார்கள். கட்டுரை வெளிவந்தது 2019இல். அவர்களும் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் கழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அளவு வேறு, செலவு வேறு. காரேஜில் அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருப்பவள் செய்வதும் அதே வேலைதான்.

மாணவரை மதிப்பிட எனக்குத் தெரிந்த ஒரே நம்பகமான அளவுகோல் இது: கெடு முடிந்தபின் என்ன செய்கிறார்? இதைப் பல்கலைக்கழகம் அளக்க முடியாது. அளக்கத் தொடங்கிய அன்றே அதற்கும் பயிற்சி வகுப்பு வந்துவிடும், அளவுகோல் செத்துவிடும். பெற்றோர் பார்க்கலாம், பிள்ளை தனக்குள் பார்த்துக்கொள்ளலாம். இதில் தேறிய பிள்ளைக்கு, எந்த வாசலில் நுழைந்தோம் என்பது அறிவியலில் அவ்வளவு பெரிய விஷயமாக இருப்பதில்லை.

வெறும் ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியலாளர்கள், ஒரே மாதிரியான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து ஒரே மாதிரி முடிவுகளைப் பெற்ற மாணவர்களில், பெயர்பெற்ற இடத்துக்குப் போனவர்களையும் சாதாரண இடத்தைத் தேர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். பிற்காலச் சம்பளத்தில் பெரும்பாலோருக்கு வித்தியாசம் இல்லை. கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்களுக்கும், அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் பெரிய கல்லூரி கைகொடுத்தது, மற்றவர்களுக்கு இல்லை. பொருளியலாளர் ராஜ் செட்டியின் குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றையும் காட்டியது. ஐவி லீக் போன்ற பெயர்பெற்ற இடங்கள் சராசரிச் சம்பளத்தை உயர்த்துவதில்லை. ஆனால் வருமானத்தில் நாட்டின் உச்சத்து ஒரு சதவீதத்துக்குள் போகும் வாய்ப்பையும், பேர்போன நிறுவனத்தில் வேலை கிடைக்கும் வாய்ப்பையும் கூட்டுகின்றன. அதே சாட் மதிப்பெண் எடுத்த நடுத்தர வர்க்கப் பிள்ளையைவிட, உச்சத்து ஒரு சதவீதப் பணக்காரர் வீட்டுப் பிள்ளை அங்கே சேர இரண்டு மடங்கு வாய்ப்பு என்பதும் அதில்தான் இருக்கிறது. ஆகவே வால் ஸ்ட்ரீட்டுக்குப் போகிறவருக்கு அந்த வாசல் முக்கியம். உச்ச நீதிமன்றத்துக்குப் போக நினைப்பவருக்கும் முக்கியமாக இருக்கலாம். மியூவான் எண்ணப் போகிறவருக்கு?

அறிவியலில் உண்மையான சேர்க்கை பதினேழு வயதில் நடப்பதே இல்லை. இருபத்திரண்டு வயதில், முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது நடக்கிறது. அங்கே கோப்பைப் பிரித்துப் படிப்பவர்கள் அந்தத் துறைப் பேராசிரியர்கள். விளையாட்டு, அரங்கேற்றம், அப்பா எங்கே படித்தார் என்பதெல்லாம் அவர்களுக்கு வேண்டாம். ஆய்வகத்தில் என்ன செய்தாய், உன்னோடு வேலை செய்தவர் உன்னைப் பற்றி என்ன எழுதுகிறார் என்பதே பேச்சு. அமெரிக்காவில் அறிவியல் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இளங்கலையை எங்கே படித்தார்கள் என்று, மாணவர் எண்ணிக்கைக்கு விகிதம் போட்டுப் பார்த்தால், கால்டெக்கோடு ஹார்வி மட், ரீட், ஸ்வார்த்மோர் என்ற சிறு கல்லூரிகளும் முன்வரிசையில் நிற்கின்றன. நம் பெற்றோரின் பட்டியல்களில் இந்தப் பெயர்களை நான் பார்த்ததேயில்லை. பிள்ளை ரீட் கல்லூரியில் படிக்கிறாள் என்று கோயில் பிரகாரத்தில் சொன்னால் யாருக்கும் புரியாது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வும் எழுதினார், வேலூர் சி.எம்.சி. தேர்வும் எழுதினார், இரண்டிலும் இடம் கிடைக்கவில்லை. பரோடாவில் இயற்பியல் படித்தார். அமெரிக்காவில் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அந்தப் பெயரையும் நம் பட்டியல்களில் பார்க்க முடியாது. பட்டம் கையில் வந்தபின் தன் விருப்பம் உயிரியலில் என்று உணர்ந்து, கலிஃபோர்னியாவில் மறுபடியும் மாணவராகப் போய் உட்கார்ந்தார். 2009இல் ரைபோசோம் கட்டமைப்புக்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கிடைக்காதவர்கள் எல்லோரும் நோபல் வாங்குவார்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது ஏமாற்று வேலை. முனைவர் பட்டம் வாங்கிய பிறகு யாரும் கேட்காமல், எந்தக் கட்டத்தையும் நிரப்ப வேண்டிய அவசியமில்லாமல், மறுபடி முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாரே, அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். அதை எந்த நுழைவுத் தேர்வும் முன்கூட்டிக் கண்டிருக்க முடியாது.

குலுக்கல் நல்லது என்று சிலர் வாதிடுகிறார்கள். தகுதியுள்ளவர்களைப் பிரித்துவிட்டு மிச்சத்தைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுங்கள் என்று உளவியலாளர் பாரி ஷ்வார்ட்ஸ் 2005இலேயே எழுதினார். நெதர்லாந்தில் மருத்துவப் படிப்புக்கு 1970களிலிருந்து மதிப்பெண்ணுக்கேற்ப எடை போட்டுக் குலுக்கினார்கள். தொண்ணூறுகளில் மிக உயர்ந்த மதிப்பெண் எடுத்த ஒரு மாணவி திரும்பத் திரும்பக் குலுக்கலில் தோற்கவே ஊரே கொந்தளித்தது. முறையை மாற்றினார்கள், கைவிட்டார்கள், 2023இலிருந்து மீண்டும் அனுமதித்தார்கள். எனக்குக் குலுக்கல் பிடிக்கும். கிடைத்தவருக்குக் கர்வமும் கிடைக்காதவருக்கு அவமானமும் இல்லாமல் செய்யும் என்பதால். ஆனால் பெரிய பல்கலைக்கழகங்கள் அதைச் செய்யப்போவதில்லை. எங்களுக்குத் தெரிந்துதான் தேர்ந்தெடுத்தோம் என்ற கதையில்தான் அவற்றின் மதிப்பு நிற்கிறது.

எம்.ஐ.டி. தன் முடிவை மார்ச் 14 அன்று, பை தினத்தில், மாலை 6:28க்கு வெளியிடும். பையின் இருமடங்கு 6.28. கணிதக்காரர்களின் குறும்பு. ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் மார்ச் கடைசியில்.

என் கணிப்பு வேண்டுமென்றால் இதோ. எம்.ஐ.டி., கால்டெக், ஹார்வர்டு: எண் சொல்ல மாட்டேன், சொல்கிறவரை நம்ப வேண்டாம். கார்னகி மெலன்: அதுவும் அப்படித்தான். ரட்கர்ஸ்: பெரும்பாலும் கிடைக்கும். இயற்பியலாளராவாளா: ஆவாள், அட்டைப்பெட்டியை வைத்துச் சொல்கிறேன், 1560ஐ வைத்து அல்ல. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மார்ச் வரை காத்திருக்காமல், ரட்கர்ஸ் இயற்பியல் துறையில் யார் யார் என்ன ஆராய்கிறார்கள் என்று அவளை உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். பிடித்தவருக்கு மின்னஞ்சலை அவளே எழுதட்டும். நீங்கள் திருத்த வேண்டாம்.